தெரிஞ்சதைப் பொதுவில் வைப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "டிஜிட்டல் காலத்தில் மகளிர்". நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறவள். இவ்வளவு பெரிய தலைப்பில் நான் என்ன பேசுவது என்று தலைவி அக்காவிடம் கேட்டேன். "புத்தகத்தில் இருக்கிறதைப் பேச வேற ஆள் இருக்காங்க. உன் குழுவில் நடந்ததைச் சொல்லு, போதும்" என்றார். அதைத்தான் சொல்லப் போகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் குழுவில் மூத்த உறுப்பினர் ஒருத்தர் இருக்கிறார். வயசு அறுபதைத் தொடும். நாங்கள் எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். குழு ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வாரம்கூட சேமிப்பு பாக்கி வைக்காதவர். சில வருஷங்களுக்கு முன்னால், மாதாமாதம் வரும் ஒரு உதவித்தொகைக்கு எல்லாரும் மனு போட்டோம். பெரியம்மாவுக்கு மனு எழுதியது நான்தான். மனுவில் கைபேசி எண் என்று ஒரு கட்டம். பெரியம்மாவிடம் போன் கிடையாது. "உங்க பையன் நம்பரைப் போடட்டுமா பெரியம்மா?" என்று கேட்டேன். "போடும்மா, அவன்தானே எல்லாத்தையும் பாக்கிறவன்" என்றார். போட்டுவிட்டேன்.

பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவான்.

எங்களில் பலருக்குப் பணம் வந்தது. பெரியம்மாவுக்கு வரவில்லை. "ஏம்மா, என் மனு என்னாச்சு?" என்று கேட்டார். "வரும் பெரியம்மா, பொறுங்க, எல்லாருக்கும் ஒரே நாள்ல வராது" என்று சொன்னேன். அடுத்த கூட்டத்திலும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். தெரிந்து சொன்னது இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. "நமக்கு இல்லை போல" என்று விட்டுவிட்டார்.

தீபாவளிக்குப் பையன் வந்தபோது, ஏதோ ஒரு எண்ணத்தில் "தம்பி, உன் போன்ல மெசேஜ் எதாவது வந்துச்சா பாரு" என்றேன். விளம்பரம், ரீசார்ஜ், பரிசு விழுந்தது என்று வருகிற நூற்றுக்கணக்கான மெசேஜ்களுக்கு நடுவில் அதுவும் இருந்தது. உங்கள் மனு ஏற்கப்படவில்லை, காரணம் இன்னது, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று. முப்பது நாள் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

காரணம் என்ன தெரியுமா? நிலம் அதிகமாக இருக்கிறதாம். பெரியம்மா வீட்டுக்காரருடையது கூட்டுப் பட்டா. நாலு பங்காளிக்கும் சேர்த்து உள்ள மொத்த நிலமும் ஒருத்தர் கணக்கில் வந்துவிட்டது. அவர்கள் பங்குக்கு வருவது எழுபது சென்ட். அந்தப் பங்கைக் காட்டி ஒரு சான்று வாங்கி வைத்து மனு போட்டிருந்தால் அன்றைக்கே சரியாகியிருக்கும். வி.ஏ.ஓ. அலுவலகம் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை மனு வாங்கியபோது பெரியம்மாவைச் சேர்த்துவிட்டோம். இப்போது பணம் வருகிறது. ஆனால் நடுவில் போன மாசங்கள் திரும்பி வரவில்லை. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடும்மா, நீ என்ன பண்ணுவ" என்றார். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால் நான் பண்ணியிருக்க முடியும்.

சகோதரிகளே, பெரியம்மாவிடம் பணத்தை யாரும் பிடுங்கவில்லை. தகுதி இருந்தது. உரிமை இருந்தது. மேல்முறையீட்டுக்கு வழியும் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. சேதி அவர் காதுக்கு வரவில்லை. இன்றைக்கு ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசம் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒருத்தருக்குத் தெரிகிறது, இன்னொருத்தருக்குத் தெரியவில்லை.

இது புதுசு இல்லை. நம் இயக்கம் பிறந்ததே இதை உடைக்கத்தான். 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் வங்கிப் படியில் ஏறுவதே பெரிய காரியம். வங்கியில் கடன் உண்டு என்பது தெரியாது. வட்டி எவ்வளவு என்று கேட்கலாம் என்பதும் தெரியாது. கந்து வட்டிக்காரர் சொன்னதுதான் கணக்கு. அதற்குப் பிறகு 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்துப் படித்ததோடு நிற்காமல் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். எதற்குச் சைக்கிள்? ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கூட்டத்துக்கு, யாரையும் எதிர்பார்க்காமல் போய் வரத்தான். எங்கள் அம்மாவும் அந்தக் காலத்தில்தான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். கைநாட்டு வைப்பது வெட்கம் என்று நினைத்த தலைமுறை அது.

இப்போது பாருங்கள். ரேஷன் கடையில் கைரேகை. சிம் கார்டு வாங்கினால் கைரேகை. மினி ஏ.டி.எம். கொண்டு வருகிறவரிடம் பணம் எடுத்தாலும் கைரேகை. படித்தவர், படிக்காதவர் எல்லாரும் இப்போது கைநாட்டுத்தான்! அதிலும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் ரேகை விழ மாட்டேன் என்கிறது. சித்தாள் வேலையில் சிமெண்டில் தேய்ந்த விரல், உப்பளத்தில் அரித்த விரல், வாழ்நாள் முழுக்கப் பாத்திரம் தேய்த்த விரல். உழைக்காத விரலை மெஷின் உடனே எடுத்துக்கொள்கிறது. உழைத்த விரலை "இன்னொரு தடவை வைங்க, இன்னொரு தடவை வைங்க" என்கிறது.

"இப்பத்தான் வீட்டுக்கு வீடு போன் இருக்கே" என்று சொல்வார்கள். வீட்டில் இருக்கிறது, சரி. யார் கையில் இருக்கிறது? 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில் இதைக் கேட்டிருக்கிறார்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், தாங்களே வைத்துப் பயன்படுத்தும் கைபேசி இருப்பவர்கள் 100க்கு 54 பேர். இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்தியவர்கள், ஆண்களில் 100க்கு 57 பேர், பெண்களில் 100க்கு 33 பேர். அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கும். ஆனாலும் அந்த இடைவெளி எப்படி இருக்கும் என்று நம் வீட்டிலேயே பார்க்கலாம்.

எங்கள் குழுவில் ஒரு நாள் கை தூக்கச் சொன்னேன். பெரிய போன் இருக்கிற வீடு எத்தனை என்று கேட்டதும் முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். "பகல் நேரத்தில் அது உங்க கையில் இருக்குமா?" என்று கேட்டேன். கை எல்லாம் இறங்கிவிட்டது. நாலு கைதான் நின்றது. வீட்டுக்காரர் வேலைக்குக் கொண்டுபோகிறார். பையன் படிக்கிறேன் என்று வைத்துக்கொள்கிறான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், பாத்திரம் கழுவி முடித்த பிறகு கைக்கு வருகிறது. அப்போது எந்த அலுவலகம் திறந்திருக்கும்? கண்ணும் சொருகுகிறது. அப்படியே மெசேஜைத் திறந்தாலும் பாதி இங்கிலீஷில் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்ததும் நமக்கு ஒரு பயம். தொட்டால் பணம் போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தையும் குறை சொல்ல முடியாது. ஏமாந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆக, போன் இருப்பது ஒன்று. அது நம் கையில் இருப்பது இரண்டு. அதற்கு நேரம் கிடைப்பது மூன்று. மொழி புரிவது நாலு. தைரியம் வருவது ஐந்து. ஐந்து படியும் ஏறியவளுக்குத்தான் சேதி. மற்றவள் கீழேயே நிற்கிறாள்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நமக்குத்தான் மற்றவர்களைப் பற்றித் தெரியாதே தவிர, நம்மைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரியும். நுண்கடன் நிறுவனத்துக்காரர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆதாரை வாங்கித் தட்டுகிறார். "அக்கா, உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு எடத்துல கடன் இருக்கு, ஒண்ணுல ரெண்டு தவணை லேட்டு" என்கிறார். அவருக்கு எப்படித் தெரிந்தது? சிபில் மாதிரி நாலு கடன் தகவல் நிறுவனங்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை எல்லாம் அங்கே பதிவாகிறது. சில சமயம் நாம் கட்டி முடித்த கடன்கூட முடியாத மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அந்த அறிக்கையை நாமும் பார்க்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தப்பு இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். இந்த மண்டபத்தில் தன் அறிக்கையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பரவாயில்லை, நானும் போன வருஷம்தான் பார்த்தேன்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்க வைத்து நம்மைப் போட்டோ எடுத்து ஏற்றினார்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் வங்கிக்கு அனுப்பினார்கள் என்பது ஊராட்சி வாரியாக இணையத்தில் போடப்பட்டிருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்திருக்கிறவர் பார்க்கலாம். அமெரிக்காவில் இருக்கிற ஆராய்ச்சி மாணவர் பார்க்கலாம். மண்வெட்டி பிடித்த நம்ம அக்கா மட்டும் "என் கூலி வந்துச்சா?" என்று வங்கி வாசலில் அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறார். ஒளித்து வைக்கவில்லை. எல்லாம் திறந்துதான் இருக்கிறது. ஆனால் கதவு நம் வீட்டுப் பக்கம் இல்லை.

சரி, இதற்கு என்ன செய்வது? ஆளுக்கொரு போன் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில், ஒரு பாடம் இருக்கிறது. கேளுங்கள்.

1998இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களை ஆரம்பித்தது. அப்போது கம்ப்யூட்டரே நாம் சினிமாவில்தான் பார்த்திருப்போம். வில்லியனூரில் தலைமை மையம். அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு வயர்லெஸ் மூலம் சேதி போகும். எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கவில்லை. ஜனங்களுக்கு இப்போது சேதி எங்கிருந்து கிடைக்கிறது என்று முதலில் விசாரித்தார்கள். கடைக்காரர், சந்தை, உரம் விற்கிறவர் என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஊரைக் கூட்டிப் பேசினார்கள். மையத்துக்கு இடம் ஊர்தான் கொடுக்க வேண்டும். அந்த இடம் ஆண், பெண், எந்தச் சாதி என்று பார்க்காமல் எல்லாரும் வந்து போகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மையத்தை நடத்த ஊரிலிருந்தே தொண்டர்கள். அதில் பெண்கள் நிறையப் பேர்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். கடலில் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற கணிப்பை அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் போட்டு வந்தது. யாரோ கப்பற்படைக்காரருக்காகப் போட்டது. மையத்தில் அதை இறக்கி, தமிழில் மாற்றி, கடற்கரையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கட்டுமரத்தில் போகிறவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதே இல்லை. காதில் விழுந்தால் போதும்.

பக்கத்தில் நல்லவாடு. அங்கேயும் மையம், அங்கேயும் ஒலிபெருக்கி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. முன்பு அந்த மையத்தில் தொண்டராக இருந்த ஒரு இளைஞர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமி சேதி அங்கே கேட்டதும் ஊருக்குப் போன் போட்டார். கடல் தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். எல்லாரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகும் வீடும் போயிற்று. ஆனால் 3,000க்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள்.

சகோதரிகளே, இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சேதி வந்தது ஒரே ஒரு வீட்டுக்கு. அந்த வீட்டோடு நின்றிருந்தால் ஒரு குடும்பம் மட்டும் ஓடித் தப்பித்திருக்கும். ஊர் ஒலிபெருக்கியில் வந்ததால் ஊர் பிழைத்தது. அங்கே உதவியது விலை உயர்ந்த கருவி இல்லை. பொதுவான இடம், நம்ம மொழி, தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம், இந்த மூன்றும்தான்.

இது நமக்குத் தெரியாத வித்தையா? நம் குழு என்ன? ஒருத்தி கையில் இருபது ரூபாய் இருந்தால் அது செலவாகிப் போகும். பதினைந்து பேர் இருபது ரூபாயைப் பொதுவில் போட்டால் கடன் கொடுக்கிற பணம் ஆகிறது. சேதியும் அப்படித்தான். ஒருத்தி போனில் இருந்தால் நூறு மெசேஜுக்குள் புதைந்து போகும். பொதுவில் வைத்தால் எல்லாருக்கும் உதவும். பணத்தையே பொதுவில் வைக்கக் கற்றுக்கொண்ட நாம், சேதியை மட்டும் ஏன் அவரவர் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம்?

விட்டது மட்டும் இல்லை. நாமே கதவைச் சாத்தியும் இருக்கிறோம். இதைச் சொன்னால் யாரும் கோபப்படக் கூடாது. போன வருஷம் கூட்டமைப்புக் கூட்டம் ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டோம். அடுத்த நாள் காலையில் மூன்று பேர், பஸ் இல்லாத ஊரிலிருந்து வெயிலில் நடந்து வந்து, பூட்டின கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "வாட்ஸ்அப்ல போட்டோமே அக்கா" என்றோம். அவர்களிடம் வாட்ஸ்அப் இல்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டோம். பெரியம்மாவுக்கு மெசேஜ் அனுப்பிய அலுவலகத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

பெரியம்மா விஷயத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் செய்ததைச் சொல்கிறேன். பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கினோம். "சேதி நோட்டு" என்று அட்டையில் எழுதினோம். யார் பெயரில் என்ன மனு, மனு எண், போட்ட தேதி, எந்த போன் நம்பர் கொடுத்தோம், அந்த போன் யாரிடம் இருக்கிறது, பதில் வர வேண்டிய நாள். இவ்வளவுதான் கட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு வாங்கி முடித்ததும் பத்து நிமிஷம் சேதி நேரம். நோட்டைத் திறந்து, பதில் வராத மனுவை வரிசையாகப் பார்ப்போம். பையன் போன் என்றால் அங்கேயே அவனுக்குப் போன் போட்டுக் கேட்போம். போன் வைத்திருக்கிறவர்கள் அந்த வாரம் வந்த பொதுச் சேதியை வாய்விட்டுப் படிப்பார்கள். முகாம் எந்தத் தேதி, கறவை மாட்டுக் கடனுக்கு என்ன தாள் வேண்டும், பிள்ளைகளுக்கு உதவித்தொகைக்குக் கடைசி நாள் எது என்று. படிக்கிற பொண்ணுங்க இரண்டு பேர் முறை வைத்து வந்து உதவுகிறார்கள்.

இதிலும் நாங்கள் தப்புப் பண்ணினோம். ஒரு தடவை ஒருத்தர் போனை வாங்கி மெசேஜைச் சத்தமாகப் படித்தபோது, அவர் வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிய நகைக்கடன் சேதி வெளியே வந்துவிட்டது. அந்தத் தங்கை அழுதுகொண்டே எழுந்து போனார். இரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டி வந்தோம். அன்றைக்கு ஒரு விதி போட்டோம், தீர்மானப் புத்தகத்திலும் எழுதினோம். ஊருக்குப் பொதுவான சேதியைச் சத்தமாகப் படிப்பது. ஒருத்தரின் சொந்தச் சேதியை அவர் காதில் மட்டும் சொல்வது. ஓ.டி.பி., ஏ.டி.எம். ரகசிய எண் இரண்டையும் கணக்காளரான என்னிடம்கூடச் சொல்லக் கூடாது. தெரிந்துகொண்ட விஷயத்தைப் பகிரலாம், பூட்டின் சாவியைப் பகிரக் கூடாது. அப்படியும் யாராவது ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் போட வேண்டும். நேரம் போகப் போகப் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும். இந்த எண்ணை எங்கள் நோட்டு அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

வந்திருக்கும் அலுவலர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். இது நாங்களாகக் கேட்பது இல்லை, சட்டத்தில் இருப்பது. 2005ஆம் ஆண்டு வந்த தகவல் உரிமைச் சட்டம் என்றால் பத்து ரூபாய் கட்டி மனு போடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதன் நாலாவது பிரிவில், மனு போடாமலே அரசு தானாக முன்வந்து தகவலைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எப்படிச் சொல்வது என்பதும் இருக்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஊடக ஒலிபரப்பு, இணையம் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். இணையம் அதில் ஒன்று. அது மட்டுமே இல்லை. அந்தந்த வட்டார மொழியைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே, மெசேஜ் அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே தமிழில் ஒரு தாளை ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் இன்னது என்று தண்டோராக்காரரை விட்டோ, ஆட்டோ மைக்கிலோ ஒரு தடவை சொல்லுங்கள். யார் மனு தள்ளுபடி ஆனது என்று பெயரைச் சொல்ல வேண்டாம். "மனு போட்டவர்கள் எல்லாரும் வந்து நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் போதும். பெரியம்மா அன்றைக்கே வந்திருப்பார்.

நம் கூட்டமைப்புக்கு மூன்று வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவில் தீர்மானமாகப் போட்டால் சந்தோஷப்படுவேன்.

ஒன்று. கூட்டமைப்பின் எந்த அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் போட்டதோடு முடிந்ததாகக் கணக்கில்லை. ஒவ்வொரு குழுவிலும் போன் இல்லாத உறுப்பினர் யார் யார் என்று பட்டியல் இருக்க வேண்டும். அவர்களுக்கு நேரில் போய்ச் சொல்வது யார் பொறுப்பு என்று பெயர் எழுதியிருக்க வேண்டும்.

இரண்டு. ஒவ்வொரு குழுவிலும் சேதி நோட்டு. வரவு செலவைத் தணிக்கை செய்வது போல அதையும் மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மூன்று. பயிற்சிக்கு எப்போதும் ஊக்குநரும் பிரதிநிதியுமே போகிறோம். நானும் அதில் சேர்த்திதான். தெரிந்தவளுக்கே மேலும் மேலும் தெரிந்துகொண்டு போனால், குழுவுக்குள்ளேயே ஒரு மேல்தட்டு உண்டாகிவிடும். நேற்று வட்டிக்காரரிடம் கை கட்டி நின்றவர்கள், நாளைக்கு நம்மிடம் கை கட்டி நிற்பார்கள். அடுத்த பயிற்சிக்கு இதுவரை எந்தப் பயிற்சிக்கும் போகாதவர்களை அனுப்புவோம். மெதுவாகத்தான் கற்றுக்கொள்வார்கள். கையெழுத்தும் நாம் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டோம்.

முடிக்கிறேன். பெரியம்மாவுக்கு முதல் மாதப் பணம் வந்ததும் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் சேர்த்துவைத்து ஒரு பட்டன் போன் வாங்கினார். சிம் அவர் பெயரில். வங்கியிலும் ரேஷன் கார்டிலும் இரண்டு நடை அலைந்து அந்த நம்பரை மாற்றிவிட்டோம். அதைச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு போட்டு வைத்திருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும், சேமிப்புப் பணத்தை வைத்த கையோடு போனையும் என் முன்னால் வைக்கிறார். "ஏம்மா, இதுல எனக்கு என்ன வந்திருக்குன்னு பாத்து மெதுவா என் காதுல சொல்லு. பொறுங்க பெரியம்மான்னு மட்டும் சொல்லாத" என்கிறார்.

இப்போதெல்லாம் நான் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். நாம் எல்லாரும் அப்படிப் பதில் சொல்லப் பழகுவோம்.